யாரு செஞ்சதுன்னு கேளு

"எங்கே செஞ்சதுன்னுதான் கேக்குறானுங்க. யாரு செஞ்சதுன்னு ஒருத்தனாவது கேக்குறானா?"

லியென் அக்கா வாயிலிருந்து இந்த இரண்டு வரி விழாமல் தைச்சுங் நகரத்தை ஒட்டிய ஷெங்காங்கில் ஒரு வேலை நாளும் முடிந்ததில்லை. பட்டறையில் எல்லாருக்கும் அதை அவளைப் போலவே சொல்லிக்காட்டத் தெரியும். வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, இடது கண்ணைச் சுருக்கி, 'யாரு' என்பதை மட்டும் மூக்கால் இழுக்க வேண்டும். இதில் முதல் பரிசு அவள் புருஷன் ஆ-ஹோக்குக்குத்தான். பாக்கு மென்று சிவந்த வாயோடு அவன் "யாஆஆரு செஞ்சது" என்று இழுத்தால், சாப்பாட்டு நேரத்தில் எதிர்வரிசைப் பெண்கள் டப்பாச் சோற்றைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். லியென் அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள்.

"சிரிங்கடி, சிரிங்க. உங்க கைவேலை மேல எவனோ ஜெர்மன்காரன் பேரை ஒட்டிக்கிட்டுப் போறான், உங்களுக்குச் சிரிப்பு வருது."

தைச்சுங் சுற்றுவட்டாரத்தில் கல்லை எறிந்தால் ஏதாவதொரு சைக்கிள் பட்டறைக் கூரையில்தான் விழும். சியென் முதலாளியின் பட்டறை அதில் நடுத்தரம். எண்பது பேர். மலையில் ஓட்டுகிற சைக்கிளுக்கு அலுமினிய ஃபிரேம் மட்டும் செய்வார்கள். ஃபிரேம் வெறும் சாம்பல் நிறத்தில் வெளியே போகும். எந்த நாட்டுக் கம்பெனி வாங்கியதோ அந்தப் பெயரை ஒட்டிக்கொள்ளும். பெயர் ஒட்டாத ஒரே இடம், பெடல் அச்சு நுழைகிற கூட்டின் அடிப்பக்கம். வெல்டிங் செய்தவர் தன் நம்பரை அங்கே உளியால் தட்டிவைக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். மேலே எத்தனை பூச்சு பெயின்ட் அடித்தாலும் விரலால் தடவினால் தட்டுப்படும். லியென் அக்காவின் நம்பர் பதினேழு.

கோ சுன்-லியென் என்ற முழுப்பெயரைச் சம்பளக் கவரில் மட்டும்தான் பார்க்கலாம். பதினாறு வயதில் தையல் மிஷின் பட்டறையில் திருகு முடுக்க வந்தவள், பத்தொன்பதில் இங்கே வந்து, வெல்டிங் கூண்டில் உட்காரவேண்டும் என்று கேட்டாள். "பொம்பளைக் கை நடுங்கும்" என்றார்கள் கூண்டுக்காரர்கள். கையின் பின்புறத்தில் ஒரு காசை வைத்துக்கொண்டு ஒரு குழாயைச் சுற்றி முழுக்க வெல்டிங் போட்டுக் காட்டினாள். காசு விழவில்லை. வெல்டிங் வரி, மீன் செதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினதுபோல் அலை அலையாக விழுந்திருந்தது. அன்றைக்கு அந்தக் காசை எடுத்துப் பாக்கு வாங்கித் தின்றவன் ஆ-ஹோக். "காசு என்னோடது, கை உன்னோடது" என்றான். அடுத்த வருஷம் கல்யாணம். அதற்கப்புறம் வீட்டிலும் அவன் அவளைப் பதினேழு என்றுதான் கூப்பிட்டான்.

ஒருமுறை இரண்டு பேரும் தைச்சுங் நகரத்தில் பெரிய சைக்கிள் கடைக்குள் சும்மா நுழைந்தார்கள். விற்பனைப் பையன் பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான்.

"இது ஜெர்மனிங்க அத்தை. நம்ம ஊரு சரக்கு இல்ல. வெல்டிங்கைப் பாருங்க, நம்மாளுக்கு இது வருமா? வராது. ரத்தத்துல இருக்கணும்."

லியென் அக்கா குனிந்தாள். கையை அடியில் விட்டுத் தடவினாள். நிமிர்ந்தாள். "ஆமாம்பா. எனக்கு ரத்தத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். ஆ-ஹோக் தெருவெல்லாம் அந்தப் பையன் குரலில் "ரத்தத்துல இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

எதிர்க்கரையைப் பற்றியும் அவளுக்கு இதே பேச்சுத்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சீனாவை இந்தத் தீவில் எதிர்க்கரை என்பார்கள். தொண்ணூற்றேழில் சியென் முதலாளி அங்கே டொங்குவானில் ஒரு பட்டறை போட்டார், மலிவு ஃபிரேமுக்காக. கற்றுக்கொடுக்க லியென் அக்காவை மூன்று மாதம் அனுப்பினார். திரும்பிவந்தவளைச் சுற்றி உட்கார்ந்து, "அங்க குப்பைதானே அக்கா?" என்று ஆசையாகக் கேட்டார்கள்.

"எதுடி குப்பை? குழாய் நம்ம குழாய். கம்பி நம்ம கம்பி. மிஷின் நாம கழிச்சுக் கட்டுனது. ஹூனான்லேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்கா, யூ-லான்னு பேரு. என்னைவிட மெல்லிசாப் போடுறா. அவளுக்கும் பதினேழாம் நம்பர்தான் குடுத்திருக்காங்க. இங்க ஒரு ஃபிரேமுக்குப் பதினாலு நிமிஷம் தர்றாங்க, அவளுக்கு ஒம்பது. அந்த அஞ்சு நிமிஷம்தான் வித்தியாசம். அதை எந்த ஸ்டிக்கர்ல எழுதியிருக்கான்?"

யாருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. குப்பை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

ஆ-ஹோக்கின் வேலை நேராக்குவது. வெல்டிங் சூட்டில் ஃபிரேம் எப்படியும் கொஞ்சம் கோணும். அதைப் பெரிய அடுப்பில் காய்ச்சி, தண்ணீரில் முக்கி எடுத்தால் சில மணி நேரத்துக்கு ஈரக் களிமண் மாதிரி சொன்னபடி கேட்கும். அதற்குள் மேசையில் பூட்டி, இரும்புப் பாரை விட்டு நெம்பி நேராக்கிவிட வேண்டும். நாள் கடந்தால் அலுமினியம் தானாகவே இறுகிவிடும். அப்புறம் நெம்பினால் நேராகிற மாதிரிதான் நேராகும். உள்ளே எங்கேயாவது மயிரிழை விட்டுக்கொடுக்கும். இறுகிவிட்டால் ஒரே வழி, மறுபடி முதலிலிருந்து அடுப்பு. இதில் எமன் மாதிரி நிற்பவர் அடுப்புக்காரர் சுவான். "என் அடுப்பைக் கேக்காம ஒரு ஃபிரேமைத் தொட்ட, உன் கையை உள்ள போட்டுக் காய்ச்சுவேன்" என்பார். ஆ-ஹோக் அவர் குரலையும் அச்சாகப் பேசுவான்.

1999 செப்டம்பரில் ஒரு சாயங்காலம் அறுபத்திரண்டு ஃபிரேம் தண்ணீரிலிருந்து வெளியே வந்தது. ஜெர்மன்காரர் ஆர்டரில் கடைசிப் பங்கு. அத்தனையும் பதினேழாம் நம்பர். நேரமாகிவிட்டது, விடிந்ததும் முதல் வேலையாக நேராக்கிவிடலாம் என்று வைத்துவிட்டுப் போனார்கள். விடியுமுன்னே பூகம்பம் வந்தது.

பக்கத்து ஊரான ஃபெங்யுவானில் தெருத்தெருவாக வீடுகள் உட்கார்ந்துவிட்டன. லியென் அக்கா வீட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது, ஆட்கள் தப்பித்தார்கள். சுவானும் அவர் மனைவியும் தப்பவில்லை. மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். அவர் கையில் கைவிளக்கு இருந்ததாம். ஆ-ஹோக் அதன்பின் சுவான் குரலில் பேசியதே இல்லை.

பட்டறைக் கூரை நின்றது. கரண்ட் இல்லை. பத்து நாள் கழித்து முறை வைத்து ஒரு நாளைக்குச் சில மணி நேரம் விட்டார்கள். அறுபத்திரண்டு ஃபிரேமும் தூசியோடு அதே இடத்தில் நின்றன. துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது.

"நேராக்கிடு ஆ-ஹோக்" என்றார் முதலாளி.

"இறுகிப்போச்சு முதலாளி. மறுபடி அடுப்புல போட்டு எடுக்கணும்."

"பெரிய அடுப்பு சூடேறுறதுக்குள்ள கரண்டு போயிடும். ரெண்டு மில்லிமீட்டர், மூணு மில்லிமீட்டர் கோணல். உன் கைக்கு அது ஒரு விஷயமா? நம்ம எல்லாம் ஒரே குடும்பம். இந்தச் சரக்கு போகலேன்னா குடும்பமே நடுத்தெருவுல. அவ்வளவுதான், அவ்வளவுதான்."

முதலாளி எதைச் சொன்னாலும் 'அவ்வளவுதான்' இரண்டு தடவை வரும். இரண்டாவது வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

ஆ-ஹோக் பாரை எடுத்தான். லியென் அக்கா தன் கூண்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இளசாக இருக்கும் ஃபிரேமை நெம்பினால் சத்தமே வராது. அன்றைக்கு வந்தது. 'டிக்.' நகம் கடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவள் முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். எழுந்து போய் அந்தப் பாரைப் பிடுங்க எட்டு அடி நடந்தால் போதும். அவள் முகமூடியை இறக்கிக்கொண்டாள். ஃபிரேம்கள் கப்பல் ஏறின.

இரண்டு வருஷத்துக்குமேல் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு ஃபேக்ஸ் வந்தது. ஜெர்மனியில் ஒரு மலைப்பாதையில், ஹேண்டில் குழாய்க்குக் கீழே ஃபிரேம் இரண்டாகப் போயிற்று. கம்பெனியின் தர ஆய்வாளர் வோல்க்கர் நேரில் வருகிறார். வருகிற நாள், வருஷக் கடைசி விருந்து நாள்.

விருந்துக்கு முந்தின நாள் முதலாளி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தேநீர் ஊற்றினார். அவரே ஊற்றினார், அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"வெள்ளைக்காரனுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம். பூகம்பத்தப்ப நாம சரக்கை எதிர்க்கரையில செஞ்சு அனுப்பிட்டோம்னு நினைக்கிறான். நினைச்சிட்டுப் போகட்டும். ஆமாய்யா, கரண்டு இல்லாம அங்க குடுத்துட்டோம், இனிமே குடுக்கமாட்டோம்னு ஒரு மன்னிப்பு கேட்டா முடிஞ்சது. ஊர்ப்பேரை வெச்சுத்தானே நல்லது கெட்டதுன்னு சொல்றான்? அவன் நம்புறதையே அவனுக்குக் குடுப்போம். அங்கயும் ஒரு பதினேழு இருக்கா இல்ல?"

"அவ என்ன பண்ணா?" என்றாள் லியென் அக்கா.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது. வேற பட்டறை பாத்துக்குவா. நீ பொய் சொல்லவேணாம் ஆ-லியென். சும்மா இருந்தாப் போதும். அவ்வளவுதான்."

"மிச்ச அறுபத்தொண்ணு?"

முதலாளி தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தார்.

"எதிர்க்கரையில செஞ்சதுன்னு சொன்னா, அவன் எதிர்க்கரை ஃபிரேமைத்தான் திருப்பி வாங்குவான். அதெல்லாம் நல்லாருக்கு. நம்ம அறுபத்தொண்ணு மலையில ஓடிக்கிட்டே இருக்கும்."

"எல்லாமே உடையும்னு யாரு சொன்னா? அவ்வளவுதான்" என்றார் முதலாளி.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆ-ஹோக் முன்னாலிருந்து சொன்னான்.

"பதினேழு, சும்மா இருக்குறதுதானே. நமக்கு அது புதுசா என்ன?"

பழக்கத்தில் விளையாட்டாகத்தான் சொன்னான். சொன்னபின் ஸ்கூட்டர் ஒரு தரம் ஆடியது.

"அன்னிக்குச் சத்தம் கேட்டுச்சுல்ல உனக்கு?" என்று கேட்டாள்.

"எதுவும் கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சு. எட்டடி தூரத்துல எனக்கே கேட்டுச்சு."

"நான் வேலை தெரியாதவன்னு ஊரெல்லாம் சொல்லணும், அதானே உனக்கு? இருபத்தஞ்சு வருஷம் நேராக்கியிருக்கேன்டி. ஒருநாள் கோணலுக்கு என்னைத் தூக்குல போடப் போறியா?"

அவள் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, பதினேழைத் தடவிப் பார்க்கிற மாதிரி விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தாள்.

வருஷக் கடைசி விருந்தில் பயப்பட வேண்டியது கோழித் தலைக்கு. முழுக்கோழியைத் தலையோடு தட்டில் வைப்பார்கள். தலை யாரைப் பார்த்து நிற்கிறதோ அவருக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை. நல்ல முதலாளி தலையைத் தன்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். அன்றைக்கு முற்றத்தில் பத்து வட்ட மேசை. முதலாளி மேசையில் வோல்க்கர், அவருக்கு மொழிபெயர்க்க விற்பனைப் பிரிவு ஷாவ்-சிங், எதிரே ஆ-ஹோக், லியென் அக்கா. சும்மா இருக்கிறார்களா என்று கண்ணெதிரே வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் அந்த மரியாதை. கோழி முதலாளியைப் பார்த்தபடி பணிவாகப் படுத்திருந்தது.

வோல்க்கர் சாப்பாட்டுக் குச்சியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல், தூரத்திலிருந்த மீனுக்காக, மேசை நடுவிலிருந்த சுழல் தட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். அடுத்த மேசையில் ஒருத்தி "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். தட்டு மெதுவாகி, கோழித் தலை லியென் அக்காவுக்கு நேராக வந்து நின்றது. "பாத்தியா, வெள்ளைக்காரனுக்குக்கூட உன் நம்பர் தெரிஞ்சிருக்கு" என்றான் ஆ-ஹோக். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி அவசரமாகத் தட்டைத் தன்பக்கம் இழுத்தார். வோல்க்கருக்கு எதுவும் புரியவில்லை. மீனைத் தின்றார்.

பிறகு மேசைக்கடியிலிருந்து பையைத் திறந்து, உடைந்த ஃபிரேமின் முன்பாதியை எடுத்து வைத்தார். தட்டுகளுக்கு நடுவே அது மீன் முள் மாதிரி கிடந்தது. லியென் அக்கா குனிந்து பார்த்தாள். தன் செதில் வரிசை அப்படியே முழுசாக இருந்தது. உடைசல் அதிலிருந்து ஒரு விரல் தள்ளி, பார் நெம்பின இடத்தில்.

வோல்க்கர் நிறையப் பேசினார். குரல் ஏறியது, மேசையைத் தட்டினார். ஷாவ்-சிங் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்துக் கொடுத்தாள்: "விருந்து ரொம்ப அருமைன்னு சொல்றாரு முதலாளி. இது எங்க செஞ்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டா சந்தோஷப்படுவாராம்."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் லியென் அக்கா கேட்டாள்.

"இதை ஓட்டுனது யாருன்னு கேளு."

ஷாவ்-சிங் முதலாளியைப் பார்த்தாள். "கேளுடி" என்றாள் அக்கா. கேட்டாள்.

வோல்க்கர் குச்சியைக் கீழே வைத்தார். வந்ததிலிருந்து யாரும் அதை அவரிடம் கேட்கவில்லை. மெதுவாகப் பேசினார். இந்தத் தடவை ஷாவ்-சிங்கிடம் சர்க்கரை இல்லை.

"ஆன்கேன்னு ஒரு பொண்ணாம் அக்கா. இருபத்துநாலு வயசு. ரொட்டிக் கடையில வேலை. கழுத்துக்குக் கீழ அசையலையாம். இனிமே அசையாதாம்."

அப்புறம் வோல்க்கர், முதலாளியைப் பார்க்காமல் லியென் அக்காவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். ஷாவ்-சிங் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"இதைச் செஞ்சது யாருன்னு கேக்குறாரு."

இருபத்து நாலு வருஷமாக அவள் கேட்கச் சொன்ன கேள்வி.

அவள் சொன்ன பதிலால் என்னென்ன போயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பதிலுக்குப்பின் சொல்ல எதுவும் மிஞ்சாது. கம்பெனி அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டைத் தேடிப் பிடித்தது. ஒன்பதில் மயிரிழை விரிசல் இருந்தது. மூன்று எங்கே என்று கடைசிவரை தெரியவில்லை. ஆர்டர் போயிற்று. கோடையில் வரும் டிராகன் படகுத் திருவிழாவுக்கு முன் பட்டறை மூடியது. எண்பது பேர் தெருவுக்கு வந்தார்கள். பாதிப் பேர் லியென் அக்காவைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். இந்தக் கரையில் ஆ-ஹோக் கையில் எவனும் பாரைக் கொடுக்கவில்லை; அவன் எதிர்க்கரைக்கே வேலைக்குப் போனான். புது வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தான், அப்புறம் வரவில்லை. அவள் ஒரு குளிர்கிடங்கில் சேப்பங்கிழங்கு உரித்தாள், கை அரிக்க அரிக்க. பத்து வருஷத்தில் நுரையீரல் கெட்டுச் செத்தாள். சாவுக்கு ஷாவ்-சிங் வந்தாள், வேறு மூன்று பேர் வந்தார்கள். கிழங்கு உரித்த அத்தனை வருஷத்திலும், எங்கே, யாரு என்ற அந்தப் பழைய புலம்பலை அவள் ஒருநாள்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு மேசையில் முதலாளி "ஆ-லியென், நம்ம ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார். ஆ-ஹோக் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் கையை விடுவித்து, உடைந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஷாவ்-சிங், சர்க்கரை போடாம அப்படியே சொல்லு. எங்க செஞ்சதுன்னு கேட்டீங்கல்ல, இங்கதான், இந்த முற்றத்துக்குப் பின்னால. எதிர்க்கரைப் பதினேழுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அவ என்னைவிட நல்லாப் போடுவா. வெல்டிங் போட்டது நான். இறுகுனப்புறம் அடுப்புல போடாம நேராக்கச் சொன்னது இந்த முதலாளி. நெம்புனது, இதோ என் கையைப் பிடிச்சு இழுக்குறாரே, என் வீட்டுக்காரரு. அது உள்ளுக்குள்ள உடைஞ்ச சத்தத்தைக் கேட்டுட்டு, எட்டடி நடக்காம முகமூடியை இறக்கிக்கிட்டு உக்காந்திருந்தது நான். இன்னும் அறுபத்தொண்ணு அங்க ஓடிக்கிட்டிருக்கு. அடியில கையை விட்டுத் தடவிப் பாருங்க, பதினேழுன்னு இருக்கும், எல்லாத்தையும் பிடுங்கி வாங்குங்க. கோழியை ஏன் முதலாளி உங்க பக்கமே பிடிச்சு வெச்சிருக்கீங்க? அது சுத்தி வந்து நின்ன பக்கமே, என்னைப் பாத்துத் திருப்பி விடுங்க."